அப்பாயியின் தாலாட்டும் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கும்

ஒரு வெள்ளிக்கிழமை இரவு கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதுப்பா. ஆன் பண்ணினா திறக்கவே கால் மணி நேரம் ஆகுது. ஒரு போட்டோவைத் தொட்டா அப்படியே நின்னு போயிடுது. வைரஸா இருக்குமோ?"

"டக், டக்னு ஏதாவது சத்தம் வருதா சித்தப்பா?"

"சத்தம் ஒண்ணும் இல்லை. ஆமை மாதிரி போகுது. அவ்வளவுதான்."

"சரி, உடனே ஆஃப் பண்ணிடுங்க. நான் வர்ற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க. வேற காப்பி ஏதாவது எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"காப்பி எதுக்கு? அதான் எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கே!"

இந்தப் பதிலை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லியும் இருக்கலாம்.

சித்தப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 2019-ல் வாங்கிய டெஸ்க்டாப். உள்ளே 1 டி.பி. ஹார்டு டிஸ்க். 2020 ஊரடங்கில் எல்லோரும் டல்கோனா காபி கலக்கிக்கொண்டிருந்தபோது, அவர் பரணிலிருந்து 14 பழைய கேசட்டுகளை இறக்கினார். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போட்டு, ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பதிவு செய்தார். அதில் ஒன்று, 1987-ல் அவர் மகள் பிறந்தபோது தொட்டிலருகே உட்கார்ந்து எங்கள் அப்பாயி பாடிய தாலாட்டு. கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க, 31 நிமிடம். நடுவில் அப்பாயி யாரையோ "பாலை அடுப்புல வெச்சிருக்கேன், போய்ப் பாரு" என்று விரட்டுவதும் அதில் உண்டு. அப்பாயியின் குரல் என்று எங்கள் குடும்பத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

"கேசட் இருக்குல்ல சித்தப்பா?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சப்போ பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேன்பா. அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு..."

பல வீடுகளில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் இரண்டு பிரதி ஆகிறது. கேசட்டைத் தூக்கிப் போட்டதும் மறுபடி ஒன்றாகிவிடுகிறது. போனில் இடம் இல்லை என்று போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு போனில் அழிக்கிறோமே, அதுவும் இதே கதைதான். இடம் மாற்றுவதை பேக்கப் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மறுநாள் காலை கும்பகோணத்தில் இருந்தேன். கையில் 2 டி.பி. எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று, பென்டிரைவ் இரண்டு.

மஞ்சள் எச்சரிக்கை

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைத்திருக்கும் உடல்நலக் குறிப்பை அது படித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் மோசம். சித்தப்பாவின் டிஸ்க் மஞ்சளில் இருந்தது. படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள் நிறைய இருப்பதாகக் காட்டியது. அதாவது வைரஸ் இல்லை, டிஸ்க்கின் தட்டிலேயே சில இடங்கள் கெட்டுப்போயிருக்கின்றன. அந்த இடம் வரும்போதெல்லாம் மறுபடி மறுபடி படிக்க முயன்று கம்ப்யூட்டர் உறைந்து நிற்கிறது.

சித்தப்பாவிடம் சத்தம் வருகிறதா என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. டக், டக் என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால், டிஸ்க்கின் உள்ளே படிக்கும் முனை பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு அதை ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. வீட்டில் எந்த வித்தையும் காட்டாமல் ஆஃப் செய்து, டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொடுப்பதுதான் வழி. செலவு ஆயிரங்களில் போகும், கிடைக்கும் என்று உத்தரவாதமும் கிடையாது. ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது யோசனை சொன்னால், அவருக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நோயாளி டிஸ்க்கில் முழு பேக்கப் எடுக்க உட்காரக் கூடாது. முழு பேக்கப் என்றால் டிஸ்க்கை ஆரம்பம் முதல் கடைசி வரை படிக்க வேண்டும். அந்தச் சுமையிலேயே அது போய்விடலாம். எது போனால் திரும்ப வராதோ, அதை முதலில் எடுக்க வேண்டும். சினிமாக்கள் போகட்டும், எங்கும் கிடைக்கும். நான் முதலில் எடுத்தது அந்த 14 பதிவுகள்.

13 வந்துவிட்டன. 14-வதில், பாதியில், நீலக் கோடு நின்றது. சில நிமிடம் கழித்துப் படிக்க முடியவில்லை என்று ஒரு பிழைச்செய்தி. விண்டோஸ் அப்படித்தான். கோப்பில் ஓர் இடம் படிக்க முடியாவிட்டாலும் முழுக் கோப்பையும் கைவிட்டுவிடும். மறுபடி முயன்றேன். மறுபடியும். மூன்றாவது தடவை முயன்றிருக்கக் கூடாது, தெரிந்தே செய்தேன். சித்தப்பா பின்னால் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு லினக்ஸ் போட்ட பென்டிரைவில் கம்ப்யூட்டரைத் துவக்கி, டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளை ஓடவிட்டேன். இதுவும் இலவசம்தான். இதன் புத்திசாலித்தனம் என்னவென்றால், கெட்ட இடம் வந்தால் முட்டி மோதிக்கொண்டு நிற்காது. தாண்டிப் போய் நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். பிறகு திரும்பி வந்து கெட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதுவரை முடிந்தது என்று குறிப்பும் எழுதிக்கொள்ளும். இரவு 9 மணிக்கு ஆரம்பித்தோம். விடிகாலையில் கரன்ட் போய், யு.பி.எஸ்.ஸும் கைவிட்டு, எல்லாம் அணைந்தது. மறுபடி ஆன் செய்தபோது விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. மதியம் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் முடிந்தது.

அந்த நகலிலிருந்து 14-வது பதிவைத் திறந்தோம். பாடியது. மூன்று இடங்களில் குரல் அறுந்து, அமைதி வந்து, மறுபடி தொடர்ந்தது. மூன்றும் சேர்த்து 9 விநாடி. சித்தப்பா பதிவு செய்தது சுருக்கப்படாத வேவ் கோப்பாக. நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும். இடத்தை அடைக்கிறதே என்று நான் முன்பு அவரைக் கேலி செய்திருக்கிறேன். அப்படி இருந்ததால்தான் கெட்ட இடம் மட்டும் போய், மற்றது பிழைத்தது.

அன்று சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து தங்கை போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அண்ணா, அப்பா அப்போ குடும்ப குரூப்புல முதல் நாலு நிமிஷம் மட்டும் வெட்டிப் போட்டாரே, அது என்கிட்ட இருக்கு" என்றாள். மூன்று ஓட்டைகளில் முதலாவது இரண்டாவது நிமிடத்தில் இருந்தது. அதை அவள் அனுப்பியதை வைத்து அடைத்துவிட்டோம். மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன.

கோப்புகள் வந்தன, கம்ப்யூட்டர் வரவில்லை

கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு புது எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, கோப்புகளை எல்லாம் திருப்பிப் போட்டேன்.

"தம்பி, என் கட்டுரையெல்லாம் ஏதோ மந்திரம் மாதிரி தெரியுதே!"

சித்தப்பா இருபது வருடமாக பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர். யூனிகோடு வருவதற்கு முன்பிருந்த பழக்கம். அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், தமிழ்க் கட்டுரை முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் தனியாக இருப்பவை. 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் அவை கூட வராது. உங்கள் வீட்டிலும் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கவிதை ஏதாவது இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, கோயில் திருப்பணிக் குழுக் கணக்கு. சித்தப்பாதான் பொருளாளர். டேலியில் எழுதி வைத்திருந்தார். அதன் டேட்டா டாக்குமென்ட்ஸில் இருக்காது, தனக்கென ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளும். முழு நகல் எடுத்திருந்ததால் தேடி எடுத்தேன். பிறகு பிரின்டருக்கு டிரைவர். பிறகு பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள். பிறகு சித்தி வரன் பார்க்கச் சேர்த்து வைத்திருந்த இணையப் பக்கங்கள். ஒவ்வொன்றாக இரண்டு நாள் போனது.

கோப்புகளின் பேக்கப்புக்கும் கம்ப்யூட்டரின் முழு பேக்கப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதலாவது, வீடு காலி செய்யும்போது பண்ட பாத்திரங்களை மட்டும் லாரியில் ஏற்றுவது. இரண்டாவது, வீட்டையே அப்படியே பெயர்த்து வைத்துக்கொள்வது. விண்டோஸ், மென்பொருள்கள், எழுத்துருக்கள், செட்டிங்குகள், டெஸ்க்டாப்பில் எந்த ஐகான் எந்த மூலையில் என்பது உட்பட எல்லாமே ஒரே பிம்பமாக இருக்கும். இதற்கு 'சிஸ்டம் இமேஜ்' என்று பெயர். டிஸ்க் செத்தால் புது டிஸ்க் போட்டு இந்தப் பிம்பத்தை இறக்கினால் போதும். சில மணி நேரத்தில் பழைய கம்ப்யூட்டர் உயிரோடு வந்துவிடும்.

இரண்டு பேக்கப்பும் வேண்டும். முழு பேக்கப் மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ, பெரிய மாற்றம் ஏதும் செய்வதற்கு முன்போ எடுத்தால் போதும். கோப்புகளை வாரம் ஒரு முறையாவது எடுக்க வேண்டும்.

எப்படி எடுப்பது?

முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க். உங்கள் கம்ப்யூட்டரின் டிஸ்க் எவ்வளவோ, அதைப் போல இரண்டு மடங்கு வாங்குங்கள். 1 டி.பி. என்று வாங்கியதை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. பென்டிரைவில் எடுக்கலாமா என்றால், விண்டோஸின் சிஸ்டம் இமேஜ் வசதி பென்டிரைவை ஏற்றுக்கொள்ளாது.

டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். 'திஸ் பிசி'யில் அந்த டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராபர்டீஸ்' பார்த்தால் தெரியும். வேறு முறையில் இருந்தால், காலியாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது வைத்திருக்கிறீர்கள் என்றால் ஃபார்மேட் செய்தவுடன் அது போய்விடும், ஜாக்கிரதை.

கம்ப்யூட்டரில் 'கன்ட்ரோல் பேனல்' திறந்து, 'பேக்கப் அண்ட் ரிஸ்டோர்' என்பதற்குப் போங்கள். பக்கத்தில் விண்டோஸ் 7 என்று போட்டிருக்கும். பயப்படாதீர்கள், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்தப் பெயரோடுதான் இருக்கிறது. இடது பக்கம் 'கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்'. எங்கே சேமிக்க என்று கேட்கும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் காட்டுங்கள். விண்டோஸ் ஓடத் தேவையான பகுதிகளை அதுவே டிக் செய்து வைத்திருக்கும். 'டி' டிரைவ் வைத்திருந்தால் அதை நீங்கள்தான் டிக் செய்ய வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, போட்டோ எல்லாம் டி-யில் இருந்ததே என்று பிறகு தலையில் கை வைக்கிறார்கள். பிறகு 'ஸ்டார்ட் பேக்கப்'.

நேரம் எவ்வளவு ஆகும்? சித்தப்பாவிடம் 340 ஜி.பி. இருந்தது. யு.எஸ்.பி. 3 துளையில் விநாடிக்கு 100 எம்.பி. போகிறது என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே. பழைய யு.எஸ்.பி. 2 துளையில் செருகினால் அதே வேலைக்கு மூன்று மணி நேரம். பல கம்ப்யூட்டர்களில் வேகமான துளையின் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும், அதில் செருகுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் போட்டே வையுங்கள்.

கடைசியில் 'ரிப்பேர் டிஸ்க்' எழுதலாமா என்று கேட்கும். சி.டி. டிரைவ் இல்லாதவர்கள் 'நோ' கொடுத்துவிட்டு, 'ரிகவரி டிரைவ்' என்று தேடி, ஒரு 32 ஜி.பி. பென்டிரைவில் அதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அந்தப் பென்டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும். இது எதற்கு என்றால், டிஸ்க் செத்துவிட்டால் கம்ப்யூட்டர் எதை வைத்து எழுந்திருக்கும்? இந்தச் சாவியை வைத்துத்தான். பீரோவுக்குள் நகையை வைத்துவிட்டு சாவியையும் உள்ளேயே போட்டுப் பூட்டியது போல ஆகிவிடக் கூடாது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கும். அதன் பெயரை மாற்றாதீர்கள், வேறு ஃபோல்டருக்குள் நகர்த்தாதீர்கள். நகர்த்தினால், மீட்கும் நேரத்தில் விண்டோஸ் அதைக் கண்டுபிடிக்காது.

இன்னொரு விஷயம். இந்த வசதியை மைக்ரோசாஃப்ட் மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று 2017-லேயே சொல்லிவிட்டது. வேலை செய்கிறது, ஆனால் வயதான வண்டி. 1 டி.பி. டிஸ்க்கிலிருந்து எடுத்த பிம்பத்தை 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் இறக்க முயன்றால், உள்ளே 100 ஜி.பி.தான் இருந்தாலும் முடியாது என்றுவிடும். புது டிஸ்க் பழையதன் அளவுக்காவது இருக்க வேண்டும். வேறு கருவி வேண்டும் என்பவர்களுக்கு ரெஸ்கியூஜில்லா என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பென்டிரைவில் போட்டுத் துவக்கி, மவுஸாலேயே வேலையை முடிக்கலாம். முன்பு பலரும் சிபாரிசு செய்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பை 2024-ன் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். பழைய யூ-டியூப் வீடியோவைப் பார்த்துத் தேடிப்போய் கண்ட தளத்திலும் டவுன்லோடு செய்யாதீர்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி டைம் மெஷினை ஆன் செய்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பென்குறிப்புகள் வேண்டாம், பேப்பர் வேண்டும்

இப்போது வரும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் பல, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க்கைத் தானாகப் பூட்டிக்கொள்கின்றன. பிட்லாக்கர் என்பார்கள். திருடன் எடுத்துப் போனாலும் படிக்க முடியாது, நல்லதுதான். ஆனால் மதர்போர்டு மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்றே போய்ப் பார்த்து, ஒரு பேப்பரில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். அந்த எண்ணையும் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும்.

அதே சமயம், விண்டோஸ் எடுத்துத் தரும் சிஸ்டம் இமேஜ் பூட்டில்லாமல்தான் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் உட்காரும். அந்த டிஸ்க் தொலைந்தால் எடுத்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம். வங்கிக் கணக்கு, ஆதார் நகல் எல்லாம் அதில் இருக்கும் என்பதால் பீரோவில் பூட்டி வைப்பதே சரி.

டாய் ஸ்டோரி சொல்லும் ஸ்டோரி

1998. பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் கண்ணெதிரே அழிய ஆரம்பித்தன. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். அது சில வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை, யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. படத்தைக் காப்பாற்றியது, தொழில்நுட்பப் பிரிவில் இருந்த கேலின் சஸ்மன் என்ற பெண். குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு பிரதியை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வை சுற்றி காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் வீட்டில் கோயம்புத்தூர் தங்கை போனில் இருந்த நாலு நிமிடமும் அந்த ரகம்தான். யாரும் திட்டமிடவில்லை, வேறு ஊரில் ஒரு பிரதி தற்செயலாக இருந்தது.

தற்செயலை நம்ப வேண்டாம் என்பதற்காக புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்தியது 3-2-1 கணக்கு. 3 பிரதிகள், 2 வகை சாதனங்களில், 1 பிரதி வேறு இடத்தில். கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவது இணையத்திலோ உறவினர் வீட்டிலோ. வேறு இடம் ஏன் என்று 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தரைத்தளத்து வீட்டில் கம்ப்யூட்டரும் அதன் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேஜையில் இருந்தால், இரண்டும் சேர்ந்தே மூழ்கும்.

இன்னொன்று, பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். 2017 மே மாதம் உலகையே கலக்கிய வான்னாக்ரை போன்ற பணம் பறிக்கும் வைரஸ்கள், செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் உள்ளதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

"ஒன்டிரைவ்ல எல்லாம் தானா ஏறுதே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். அது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குப் பிறகு போனது போனதுதான். இலவச இடமும் 5 ஜி.பி., கூகுளில் 15 ஜி.பி. 'விண்டோஸ் பேக்கப்' என்றே ஒரு வசதி இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது முக்கிய ஃபோல்டர்களையும் செட்டிங்குகளையும் ஒன்டிரைவுக்கு அனுப்புவது. டேலியும் பாமினியும் அதில் வராது. இணையத்தில் ஒரு பிரதி இருப்பது நல்லதுதான். ஆனால் அது மட்டும் இருந்தால் போதாது.

ஒத்திகை

எடுத்த பேக்கப் வேலை செய்யுமா என்று பார்க்காவிட்டால் எடுக்காததற்குச் சமம். முதல் சோதனை எளிது. பேக்கப் ஃபோல்டருக்குள் போனால் வி.எச்.டி.எக்ஸ். என்று முடியும் பெரிய கோப்பு இருக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் ஒரு புது டிரைவ் போலத் திறக்கும். நாலைந்து போட்டோ, ஒரு பாட்டு, ஒரு கணக்குக் கோப்பு திறந்து பாருங்கள். ஃபார்மேட் செய்யலாமா என்று ஏதாவது கேட்டால் 'கேன்சல்' கொடுங்கள். பார்த்து முடித்ததும் 'எஜெக்ட்' செய்துவிடுங்கள்.

இரண்டாவது, ரிகவரி பென்டிரைவில் கம்ப்யூட்டரைத் துவக்கிப் பார்ப்பது. 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று போய் 'சிஸ்டம் இமேஜ் ரிகவரி'யைத் தேடுங்கள். நீங்கள் எடுத்த தேதியோடு பேக்கப் அங்கே தெரிய வேண்டும். தெரிந்ததும் கேன்சல் செய்து வெளியே வந்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் இப்போது இருப்பதை அழித்து அதன்மேல் எழுத ஆரம்பித்துவிடும்.

சித்தப்பாவை வைத்தே இதைச் செய்யச் சொன்னேன். நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. இரண்டு தடவை தப்பான இடத்துக்குப் போனார், மூன்றாவது தடவை தேதியைக் கண்டுபிடித்து, "இதோ இருக்குப்பா!" என்றார். ஒரு நோட்டில் ஒவ்வொரு படியையும் தமிழில் எழுதிக்கொண்டார், ஆசிரியர் ஆயிற்றே.

இப்போது இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க். ஒன்று கும்பகோணத்து பீரோவில். இன்னொன்றை சித்தி ஒரு பழைய பட்டுப்பை தைத்துப் போட்டு, தீபாவளிக்கு வந்த தங்கையிடம் முறுக்கு டின்னோடு கொடுத்தனுப்பினார். பொங்கலுக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து, பீரோவில் உள்ளதை எடுத்துப் போவாள். இப்படி மாற்றி மாற்றி.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்று கேட்டேன். பழைய சாமான்காரருக்குப் போடப் போவதில்லை என்றார் சித்தப்பா.